அம்மா அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்கு ஸ்மார்ட் சுவிட்ச்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். திருநெல்வேலியில் 20 வருடப் பழைய மாடி வீடு. அம்மா அப்பா இருவர் மட்டும். நீங்கள் பெங்களூரில். ஒரு கடைக்காரர் வீடு முழுக்கக் கண்ணாடி டச் சுவிட்ச் போட்டு, எல்லாவற்றையும் வைஃபையில் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஜிக்பீ ஹப் இல்லாமல் சரிவராது என்கிறார் (ஜிக்பீ என்பது வைஃபை போல வீட்டுக் கருவிகளுக்கான ஒரு ரேடியோ முறை, ஹப் என்பது அந்தக் கருவிகளை ஒன்று சேர்க்கும் பெட்டி). உங்கள் நண்பர், மேட்டர் என்ற புதிய பொதுத் தரம் நன்றாகப் பரவட்டும், பொறுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, எந்த சென்சார் உண்மையில் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்குப் போகும்முன் ஒரு நிபந்தனையை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். நெட் போயிருந்தாலும், ரௌட்டர் செத்திருந்தாலும், ஹப்பே பழுதாகிக் கிடந்தாலும், அப்பா சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும். இதில் தேறாத பொருள் எவ்வளவு மலிவாக வந்தாலும் அந்த வீட்டுக்கு வேண்டாம். ஆப், குரல், தானியங்கி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என் அம்மா வீட்டில் 14 வைஃபை சுவிட்ச் போட்டேன். ஒரு ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்து, 2:40 மணிக்குத் திரும்ப வந்தது. வந்ததும் வீட்டில் இருந்த அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தன. அம்மா எழுந்து, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அறையாகப் போய் அணைத்திருக்கிறார். காலையில் போனில், "யாரோ உள்ள வந்துட்டாங்கன்னு நெனச்சேன்டா" என்றார். தப்பு ஒரு சின்ன அமைப்பில் இருந்தது. கரண்ட் திரும்பும்போது எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளில் ஒரு தேர்வு இருக்கும். அந்த மாடலில் அது 'ஆன்' என்று வைக்கப்பட்டே வந்திருந்தது. வாங்கியதும் அதை 'முன்பிருந்த நிலை' என்றோ 'ஆஃப்' என்றோ மாற்றிவிடுங்கள். அந்தத் தேர்வே இல்லாத பொருளை வாங்காதீர்கள்.

கண்ணாடி டச் பேனல் வேண்டாம் என்பதே என் கருத்து. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வருபவருக்கும், இருட்டில் சுவரைத் தடவிச் சுவிட்சைத் தேடுபவருக்கும், மேடும் பள்ளமும் 'டிக்' சத்தமும்தான் வழிகாட்டி. அது போக, ஐப்பசி கார்த்திகையில் ஓர் இடிக்குப் பேனல் போனால் ஆறு சுவிட்சும் சேர்ந்து போகும். அதே மாடல் அடுத்த வருடம் கடையில் இருக்காது. இப்போது இருக்கும் சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் உட்காரும் ரிலே (மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்யூலைப் போடுங்கள். பழைய சுவிட்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும். மாட்யூல் கெட்டால் ஊர் எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றி, இரண்டு ஒயரைச் சேர்த்துவிட்டுப் போவார்.

இனி போர்டைத் திறந்து பார்க்க வேண்டும். மெயின் எம்சிபியை இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூட வைத்துக்கொண்டு திறக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, நியூட்ரல். மாட்யூலுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் தேவை. அதற்கு மின்சாரம் வரும் ஒயரான ஃபேஸும், திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலும் போர்டுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலான போர்டுகளில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், பிளக் இருந்தால் நியூட்ரல் வந்திருக்கிறது என்று அர்த்தம். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டுகளில், குறிப்பாகப் படிக்கட்டிலும் பாத்ரூம் வாசலிலும், நியூட்ரல் இருக்காது. அங்கே நியூட்ரல் தேவைப்படாத மாட்யூலைப் போடலாம். அது விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். 5 வாட், 7 வாட் எல்இடி பல்பு என்றால் அணைத்த பிறகும் மினுக் மினுக்கென்று எரியும். பல்பு ஹோல்டரில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் சேர்த்தால் பெரும்பாலும் நின்றுவிடும். முடிந்தால் நியூட்ரல் ஒன்றை இழுத்துவிடுவதே நல்லது.

இரண்டு, இன்வெர்ட்டர் லைன். இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் மிகவும் ஆபத்தானது இதுதான். ஒரே போர்டில் விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டர் ஃபேஸிலும், பிளக் பாயின்ட் நேரடி ஈ.பி. ஃபேஸிலும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். நான்கு சுவிட்சுக்கு ஒரே மாட்யூல் என்று விற்பார்கள். அதில் ஃபேஸுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். தெரியாமல் இரண்டு ஃபேஸையும் அதில் சேர்த்து முறுக்கிவிட்டால் இன்வெர்ட்டரின் வெளியீடும் ஈ.பி. லைனும் ஒன்றாகிவிடும். இன்வெர்ட்டர் போகும், தீப்பற்றவும் கூடும். எந்த ஒயர் எந்த ஃபேஸ் என்று மெயினை இறக்கி, இன்வெர்ட்டரை மட்டும் போட்டு, டெஸ்டர் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து டேப் ஒட்டிய பிறகே மாட்யூலைக் கையில் எடுக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி மாட்யூல், ஈ.பி. லைனுக்குத் தனி.

மூன்றாவது, பெட்டி. சுவருக்குள் புதைத்திருப்பது ஜிஐ தகரப் பெட்டி. ரேடியோ அலை தகரத்தைத் தாண்டாது, முன்பக்கம் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். உங்கள் வீட்டில் பழைய ஹைலம் ஷீட்டில் பியானோ சுவிட்ச் இருந்தால் கவலையில்லை. பிளாஸ்டிக் பிளேட்டும் பரவாயில்லை. மாட்யூலைப் பெட்டியின் அடியில் திணிக்காமல், அதன் ஆன்டெனா முன்பக்கம் பார்க்க வையுங்கள்.

சரி, வைஃபையா ஜிக்பீயா?

ஏழெட்டு சுவிட்சுக்கு மேல் போகாது என்றால் வைஃபை போதும், ஹப் வேண்டாம். ஆனால் உங்களுக்கு மாடி வீடு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம், அதோடு சென்சார்களும். அங்கே ஜிக்பீதான் என் தேர்வு. இரண்டு காரணம். ஃபைபர் இணைப்போடு கூடவே வரும் ரௌட்டர், 25, 30 கருவிகள் ஏறினால் திணறுவதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஜிக்பீ அந்த ரௌட்டரின் தோளில் ஏறுவதில்லை. அப்புறம், நியூட்ரலோடு இணைந்த ஒவ்வொரு ஜிக்பீ சுவிட்சும் அடுத்ததற்குச் செய்தியைக் கைமாற்றும். ஹாலில் ஒன்று, படிக்கட்டுத் திருப்பத்தில் ஒன்று, மாடி அறையில் ஒன்று என்று இருந்தால் மொட்டைமாடி வரை தானாக வழி உண்டாகிவிடும். நியூட்ரல் இல்லாத மாட்யூலும் பேட்டரி சென்சாரும் பொதுவாக இப்படிக் கைமாற்றுவதில்லை. எனவே படிக்கட்டில் ஒன்றாவது நியூட்ரலோடு இருக்கட்டும்.

ஸ்மார்ட் பல்பை இந்த வீட்டில் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். சுவிட்சை யாராவது அணைத்தால் பல்பு செத்துவிடும், அதை நம்பி இருந்த சங்கிலியும் அறுந்துவிடும். அணைக்காதீர்கள் என்று சுவிட்சுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கும் காகிதங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். 70 வயதுக்காரர் தன் வீட்டு விளக்கை அணைக்க யோசிக்கக் கூடாது.

வைஃபையும் ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன, அதனால் இடித்துக்கொள்ளும். ரௌட்டரில் 2.4 சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்க விடாமல் 1 அல்லது 6 என்று நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஜிக்பீயை 25ஆம் சேனலில் வையுங்கள். வைஃபையின் 1, 6, 11 ஆகிய மூன்றுமே முடிந்த பிறகுதான் அந்த 25 வருகிறது. இதை முதல் நாளே செய்துவிட வேண்டும், பின்னால் மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் செருகும் ஜிக்பீ டாங்கிள் வாங்கினால், ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்பு ஒயரில் தொங்கவிடுங்கள். யுஎஸ்பி 3 துளையிலிருந்து கசியும் இரைச்சல் இதே அலைவரிசையில் விழுகிறது. ஒயர் போட்டதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

ஜிக்பீ போன்ற இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவ் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வாங்கிவருகிறேன் என்று சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். இசட்-வேவ் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசை. இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908.4, ஐரோப்பாவில் 868.4. அங்கே வாங்கியது இங்கே இருக்கும் ஹப்போடு பேசாது. அந்த ஊர் சுவிட்ச் 120 வோல்ட்டுக்கும் அந்த ஊர்ப் பெட்டிக்கும் செய்தது, நம் 230 வோல்ட்டுக்கும் பொருந்தாது. சுவரைத் தாண்டுவதில் இசட்-வேவ் கெட்டிக்காரன்தான், ஆனால் இங்கே கிடைக்கும் பொருள் மிகக் குறைவு.

மேட்டர் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஜிக்பீயை வளர்த்த அதே கூட்டமைப்புதான் 2022 அக்டோபரில் மேட்டரின் முதல் பதிப்பை வெளியிட்டது. மேட்டர் ரேடியோ இல்லை, கருவிகள் பேசிக்கொள்ளும் பொது மொழி. வைஃபை மேலேயும், ஜிக்பீ போன்ற ரேடியோ முறையான த்ரெட் மேலேயும் அது ஓடும். ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றுக்கும் அது புரியும், வீட்டுக்குள்ளேயே வேலை முடியும், கிளவுடுக்கு, அதாவது எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்கு, போய் வர வேண்டியதில்லை. த்ரெட் கருவி வாங்கினால் அதை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்க ஒரு பார்டர் ரௌட்டர் வேண்டும். ஆப்பிளின் ஹோம்பாட் மினி, அமேசானின் நான்காம் தலைமுறை எக்கோ போன்ற ஸ்பீக்கர்களில் அது உள்ளேயே இருக்கிறது. ஆனால் நம் போர்டுக்குப் பின்னால் உட்காரும் மாட்யூலும் மலிவான சென்சாரும் இன்றைக்கு ஜிக்பீயில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. எனவே காத்திருக்க வேண்டாம். ஜிக்பீ கருவிகளை மேட்டர் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் ஹப்பை வாங்குங்கள், நாளைக்கும் உதவும்.

அந்த ஹப் எது? இதில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் முதுகெலும்பு அதுதான். ரெவால்வ் என்ற ஹப்பை 2014இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது, 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில், ஸ்மார்ட் வீட்டுக் கருவிகள் செய்த இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கி மீட்ட பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. அதனால் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஹப்பில் ஒரு சென்சாரையும் ஒரு சுவிட்சையும் இணைத்து, கதவு திறந்தால் விளக்கு எரிய வேண்டும் என்று அமைத்துவிட்டு, நெட் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால் வாங்கலாம். காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். வேறு வேறு பெயரில் விற்கும் பல கருவிகளுக்குள் இருப்பது சீன நிறுவனமான துயாவின் தளம்தான், அதிலும் ஹப்புக்கு உள்ளேயே ஓடும் விதிகளும் உண்டு, கிளவுடில் மட்டும் ஓடும் விதிகளும் உண்டு. பிராண்டைப் பார்ப்பதைவிட ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பதே நம்பகமானது.

உங்களுக்குக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் பொறுமை இருந்தால் ஹோம் அசிஸ்டென்டைச் சொல்வேன். 2013இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறமூல மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கம்ப்யூட்டரில் ஜிக்பீ டாங்கிளோடு ஓடும், எல்லாமே வீட்டுக்குள் இருக்கும், எந்தக் கம்பெனியும் அதை அணைக்க முடியாது. மெமரி கார்டில் ஓட்டாமல் எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் கார்டு சீக்கிரம் கெடும். ஹப், ரௌட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் ரௌட்டர் அணைந்து எழுகிறது என்றால் ஒரு மினி யுபிஎஸ்ஸும் சேர்த்துவிடுங்கள். வருடம் ஒருமுறை நெட் கம்பெனி ரௌட்டரை மாற்றினால், புதியதிலும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். வைஃபை கருவி ஒன்றிரண்டு இருந்தாலும் அவை தானாக ஒட்டிக்கொள்ளும்.

சென்சாருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்.

படுக்கையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் ஒரு நடமாட்ட சென்சாரும் மங்கலான ஒரு விளக்கும். வேறு எதுவும் வாங்க முடியாவிட்டாலும் இதை வாங்குங்கள். வயதானவர்கள் ராத்திரி தடுக்கி விழுவது அந்த வழியில்தான். சாதாரண பிஐஆர் சென்சார் உடம்பின் வெப்பத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்யும். நம் தோலின் வெப்பம் சுமார் 33, 34 டிகிரி. சித்திரை வெயிலில் மாடி அறைச் சுவரும் அதே சூட்டில் இருந்தால் சென்சாருக்கு ஆள் தெரியாமல் போகும். கீழ்தள நடைக்கு, ராத்திரி நேரத்தில், பிரச்சினை வராது. முழங்கால் உயரத்தில், ஆள் குறுக்கே கடக்கும்படி வையுங்கள். நேராக எதிரே நடந்து வருவதைவிடக் குறுக்கே போவதை அது விரைவாகப் பிடிக்கும்.

அசையாமல் உட்கார்ந்திருப்பவரையும் கண்டுபிடிக்கும் ரேடார் வகை சென்சார் இப்போது நிறைய வருகிறது. நல்ல பொருள். ஆனால் நம் வீட்டில் அதற்குப் பெரிய எதிரி சீலிங் ஃபேன். இறக்கை சுற்றுவதை ஆள் என்று எண்ணிக்கொள்ளும், ஆடும் திரைச்சீலையும் அப்படியே. ஃபேனைப் பார்க்காதபடி சுவரில் தாழ்வாக வைத்து, தூரத்தையும் உணர்திறனையும் குறைக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், பேட்டரியில் ஓடாது. ஃபேன் இல்லாத பாத்ரூமுக்கு அது பொருத்தம். உள்ளே போனவர் 40 நிமிடமாக வரவில்லை என்றால் உங்கள் போனுக்குச் செய்தி வரும்படி அமைக்கலாம்.

கேமரா வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு யோசனை. சமையலறையில் காப்பித்தூள் இருக்கும் அலமாரிக் கதவில் ஒரு கதவு சென்சார் ஒட்டுங்கள். அம்மா தினமும் ஆறரைக்கு அதைத் திறப்பார். எட்டு மணி வரை திறக்கவில்லை என்றால் மட்டும் உங்களுக்குச் செய்தி. நான் இதை என் வீட்டில் செய்திருக்கிறேன். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனால் காலையில் வீடு எழுந்துவிட்டது என்று தெரிந்துவிடும். அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அது அவர்கள் வீடு.

கதவு சென்சார் என்பது ஒரு காந்தமும் அதைக் கண்டு மூடும் சின்ன ரீட் சுவிட்சும்தான். மரக்கதவில் அருமையாக வேலை செய்யும். இரும்பு கிரில் கேட்டில் காந்தத்தின் பலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும், அதனால் இடையில் ஓர் அங்குல மரத்துண்டோ தடித்த பிளாஸ்டிக்கோ வைத்து ஒட்ட வேண்டும். சிஆர் 2032 பேட்டரியில் ஜிக்பீ சென்சார் ஒன்று ஒன்றிரண்டு வருடம் ஓடும். பேட்டரி போட்ட வைஃபை சென்சார் அந்த அளவுக்குத் தாங்காது.

கேஸ் சென்சாரை உயரத்தில் மாட்டிவிட்டுப் போகும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் சிலிண்டரில் வருவது எல்பிஜி, காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சிலிண்டர் பக்கம் வைக்க வேண்டும். கேஸ் கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாக ஓடட்டும் என்று எந்தக் காரணத்துக்கும் அமைக்காதீர்கள், ரிலேயின் ஒரு பொறி போதும். சத்தம் போடட்டும், உங்களுக்குச் செய்தி வரட்டும், அவ்வளவுதான். புகை சென்சாரைத் தாளிப்பும் சாம்பிராணியும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

மோட்டாரும் கீசரும் கடைசி. 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3,000 வாட் என்றால் 13. போர்டுக்குள் போடும் 10 ஆம்பியர் மாட்யூல் தொடர்ந்து அரை மணி நேரம் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது, உருகவும் கூடும். மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் இழுப்பது, ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. இரண்டுக்கும், எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸில் ஒரு கான்டாக்டர் (அதிக மின்சாரம் தாங்கும் பெரிய ரிலே) வைத்து, மாட்யூல் அந்தக் கான்டாக்டரை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவதற்குக் கடையில் கிடைக்கும் ஒயர் இழுத்த வாட்டர் லெவல் கன்ட்ரோலரே போதும். மொட்டைமாடியில் ரேடியோ ஒரு நாள் எட்டாமல் போனாலும் அது நிறுத்தும். ஃபேனுக்கு, ரிமோட்டோடு வரும் பிஎல்டிசி ஃபேன் என்றால் எந்த ரெகுலேட்டர் மாட்யூலும் பின்னால் போடக் கூடாது. அதன் ரிமோட்டை இயக்கும் ஐஆர் பிளாஸ்டரை வாங்குங்கள். சாதாரண ஃபேன் என்றால் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டர் மாட்யூல், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க உறுமும்.

ஒரே நாளில் வீடு முழுக்க மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் ஹப், ஹாலில் இரண்டு மாட்யூல், நடையில் ஒரு சென்சார், அலமாரியில் ஒன்று. மின்சாரத்தில் ஓடும் கருவிகளை ஹப்பின் பக்கத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக இணைத்துக்கொண்டே போங்கள், அப்புறம் பேட்டரி சென்சார்களை அவை இருக்கப்போகும் இடத்தில் வைத்தே இணையுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். அம்மா அப்பா இருவரும் அதை மறந்து சாதாரணமாகப் புழங்கினால் மாடிக்குப் போகலாம். வேலை முடிந்ததும் எந்தப் போர்டில் எந்த மாட்யூல், எது இன்வெர்ட்டர் லைன், கழற்றினால் எந்த இரண்டு ஒயரைச் சேர்க்க வேண்டும் என்று ஓர் அட்டையில் தமிழில் எழுதி, டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வர முடியாத ஒரு நாளில் ஊர் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்தே வேலையை முடித்துவிடுவார்.